அம்மாவோட பால் கணக்கு நோட்டும் என்னோட 'ஸ்ட்ராங்' பாஸ்வேர்டும்

ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு பதிவு. தீசிஸ் எழுத வேண்டிய நேரத்துல இது எதுக்குடான்னு கேக்காதீங்க மக்களே. சொந்தக் கதை, சோகக் கதை, கொஞ்சம் அசிங்கமான கதையும்கூட. ஆனா சொல்லியே ஆகணும். உங்கள்ல பாதிப் பேரும் நான் செஞ்ச அதே தப்பைத்தான் செஞ்சுக்கிட்டு இருப்பீங்கங்கிறது என் அனுமானம்.

ஜனவரி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. இங்க ஜெர்மனியில காலை ஆறு மணி, வெளியில கும்மிருட்டு. போன் அடிக்குது. அம்மா.

"தம்பி, நீ நல்லாத்தான இருக்க?"

"இருக்கேன்மா. என்னம்மா இந்நேரத்துல?"

"பர்ஸும் போனும் தொலைஞ்சு போச்சு, பணம் அனுப்புங்கன்னு மெயில் போட்டியா?"

"இல்லையே!"

"அதான பாத்தேன். 'ஹலோ டியர்'னு ஆரம்பிச்சிருந்துச்சு. நீ என்னைக்குடா என்னை டியர்னு கூப்ட்ருக்க?"

தூக்கம் போச்சு. லேப்டாப்பைத் திறந்து மெயிலுக்குள்ள போனா, பாஸ்வேர்டு தப்புங்குது. எவனோ உள்ள பூந்து பாஸ்வேர்டை மாத்திட்டான். சரி, மீட்டுடலாம்னு பாத்தா, மீட்கறதுக்குக் குடுத்திருந்த போன் நம்பர் ஊர்ல வாங்கின சிம். இங்க வந்ததும் அதைக் கழட்டி மேஜை டிராயர்ல போட்டவன், ரீசார்ஜ் பண்ண மறந்தே போனேன். நம்பர் செத்துப் போயிருந்தது. ஓடிபி எங்க வரும்? இன்னொரு வழியாக் குடுத்திருந்தது பள்ளிக்கூட காலத்து பழைய மெயில். அதுக்கும் அதே பாஸ்வேர்டுதான். அவன் அங்கயும் போயிட்டான். அவ்வ்வ்வ்...

வழக்கமா மெயில் பாக்குற அதே லேப்டாப், அதே அறைங்கிறதால, பல கேள்விக்குப் பதில் சொல்லி, காத்திருந்து, மூணு நாள் கழிச்சு கணக்கு கைக்கு வந்துச்சு. உள்ள போய்ப் பாத்தா, எனக்கு வர்ற ஒவ்வொரு மெயிலும் அவனுக்கு ஒரு நகல் போற மாதிரி செட்டிங்ஸ்ல ஒரு விலாசத்தைப் போட்டு வச்சிருந்தான். பாஸ்வேர்டை மட்டும் மாத்திட்டு நிம்மதியா இருந்திருந்தா, அதுக்கப்புறமும் எல்லாத்தையும் படிச்சுக்கிட்டே இருந்திருப்பான். யாருக்காவது இப்படி ஆச்சுன்னா முதல்ல இந்த ஃபார்வர்டிங், ஃபில்டர் ரெண்டையும் பாருங்க.

எல்லாருக்கும் "அது நான் இல்ல, மன்னிச்சுக்கோங்க"ன்னு மெயில் போட்டேன். கதை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

முடியல. பத்து நாள் கழிச்சு அம்மா மறுபடி கூப்பிட்டாங்க. சித்தப்பா இருபத்தஞ்சாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கார். மெயில்ல இருந்த யுபிஐ ஐடிக்கு, அன்னைக்குக் காலையிலயே. போனும் தொலைஞ்சு போச்சுன்னு எழுதியிருந்ததால எனக்குக் கூப்பிட்டுக்கூட பாக்கல. பையன் அந்நிய ஊர்ல நடுத்தெருவுல நிக்கிறானேன்னு பதறி அனுப்பிட்டார். அப்புறம் என் மன்னிப்பு மெயிலைப் பாத்ததும் விஷயம் புரிஞ்சிருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு சித்திகிட்டகூட சொல்லல. தங்கச்சியோட செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்து வச்ச பணம் அது. ஃபீஸ் கட்டுற நாள் வந்தப்பதான் வெளிய வந்திருக்கு.

அப்புறமா 1930-க்கு போன் பண்ணி, புகாரும் பதிவு பண்ணியாச்சு. (இந்தியாவுல சைபர் மோசடிக்கான உதவி எண் அதுதான். வீட்டுப் பெரியவங்க போன்ல பேரோட சேமிச்சுக் குடுங்க.) பணம் போன முதல் சில மணி நேரத்துல சொல்லியிருந்தா, அடுத்த கணக்குக்கு நகராம நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். பத்து நாள்ல அது எத்தனை கை மாறிச்சோ. இவங்களுக்கு முதலீடே நம்ம வெக்கம்தான். ஏமாந்ததை வெளிய சொல்லக் கூசுறவரைக்கும் அவங்க பாடு கொண்டாட்டம்.

இப்ப கேள்வி, அவன் எப்படி உள்ள வந்தான்? நான் எந்த லிங்க்கையும் அமுக்கல. வைரஸும் இல்ல. நான் படிக்கிறதே கணினி சம்பந்தப்பட்ட படிப்பு. ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் "ஓடிபி சொல்லாதீங்க, லிங்க்கைத் தொடாதீங்க"ன்னு வகுப்பெடுக்கிற ஆளு!

'ஹேவ் ஐ பீன் போன்ட்'னு ஒரு தளம் இருக்கு. ஆஸ்திரேலியாவுல இருக்கிற டிராய் ஹன்ட் 2013-ல ஆரம்பிச்சது. நம்ம மெயில் ஐடியைக் குடுத்தா, எந்தெந்தத் திருட்டுல அது வெளிய போயிருக்குன்னு காட்டும். போட்டுப் பாத்தேன். பதிமூணு வயசுல, பிரவுசிங் சென்டர்ல உக்காந்து சேர்ந்த ஒரு விளையாட்டுத் தளம். அப்புறம் அந்தப் பக்கமே போனதில்ல. அங்க இருந்து பாஸ்வேர்டோட எல்லாம் எப்பவோ களவு போயிருக்கு.

அந்தப் பாஸ்வேர்டு என்னன்னா, எங்க வீட்டு நாயோட பேரு, அது பொறந்த வருஷம், கடைசியில ஒரு ஆச்சரியக்குறி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் இருக்கு. எந்தத் தளத்துல போட்டாலும் பச்சைக் கலர்ல 'ஸ்ட்ராங்'னு சொல்லும். அந்தப் பச்சையை நம்பி பன்னெண்டு வருஷமா மெயில், ஷாப்பிங், ரயில் டிக்கெட்னு எல்லாத்துக்கும் அதையே போட்டேன்.

திருடனுங்க உக்காந்து பாஸ்வேர்டை யூகிக்கறதில்ல. ஒரு இடத்துல களவு போன மெயில் ஐடி, பாஸ்வேர்டு ஜோடியை அப்படியே எடுத்து, ஒரு புரோகிராமை விட்டு, வேற நூறு தளத்துல திறக்குதான்னு பாக்கறானுங்க. லட்சம் ஜோடியில சில நூறு திறந்தாக்கூட அவனுக்கு லாபம். இதுல பாஸ்வேர்டு எவ்வளவு கஷ்டமா இருந்தாலும் பிரயோஜனமில்ல. சாவியே அவன் கையில இருக்கும்போது பூட்டு எவ்வளவு கனமா இருந்தா என்ன?

ரெண்டு மூணு பழைய கதையைப் படிச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். பல பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துக்க எம்ஐடியில 1961-ல சிடிஎஸ்எஸ்னு ஒரு அமைப்பு வந்துச்சு. அதை உருவாக்கின குழுவுக்குத் தலைவர் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டுன்னு ஒண்ணு புழக்கத்துக்கு வந்ததே அங்கதான்னு சொல்லுவாங்க. அடுத்த வருஷமே, ஆலன் ஷெர்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், தனக்குக் குடுத்த வாரம் நாலு மணி நேரம் பத்தலைன்னு பாஸ்வேர்டு ஃபைல் மொத்தத்தையும் பிரின்ட் எடுத்துட்டார். ஆக, பாஸ்வேர்டு பொறந்த வீட்டுலயே களவும் பொறந்தாச்சு. அதுவும் ஒரு மாணவர் கையால :-)

2009-ல ராக்யூங்கிற நிறுவனத்துல இருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டு, எந்த மறைப்பும் இல்லாம, எழுதி வச்ச மாதிரியே வெளிய வந்துச்சு. அதுல அதிகம் பேர் வச்சிருந்தது 123456. அதைப் பாத்து நாம சிரிக்கிறோம். ஆனா 2012-ல டிராப்பாக்ஸ் கதை? அங்க வேலை பாத்த ஒருத்தரோட பாஸ்வேர்டு வேற தளத்துல திருடுபோக, அதையே ஆபீஸ் கணக்குக்கும் வச்சிருந்ததால உள்ள பூந்துட்டானுங்க. அதோட விளைவா 6 கோடிக்கும் மேல கணக்கு விவரம் வெளிய போனது 2016-லதான் முழுசாத் தெரிஞ்சது. பொட்டி தட்டுறதே தொழிலா இருக்கறவங்க கதையே இது.

இனி அம்மா நோட்டுக்கு வர்றேன். அம்மாகிட்ட ஒரு பால் கணக்கு நோட்டு உண்டு. முன்பக்கம் பால், கடைசிப் பக்கம் பாஸ்வேர்டு. போன தடவை ஊருக்குப் போனப்ப அதைப் பாத்துட்டு "என்னம்மா, இப்படிப் பேப்பர்ல எழுதி வைப்பாங்களா? யாராவது பாத்தா?"ன்னு நக்கல் அடிச்சேன். கரண்ட் பில்லுக்கு ஒண்ணு, கேஸுக்கு ஒண்ணு, மெயிலுக்கு ஒண்ணு. எதுவுமே ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. ஏன்னா ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு ஆள் போட்டுக் குடுத்திருக்காங்க. இ-சேவை மையத்துப் பையன் ஒண்ணு, பக்கத்து வீட்டு அக்கா ஒண்ணு, நான் ஒண்ணு.

இப்ப யோசிச்சா அம்மாதான் சரி. மறைவா இருக்கிற அந்த நோட்டைத் திருடணும்னா ஒருத்தன் ரயிலேறி வந்து, கேட்டைத் தாண்டி, நாயைத் தாண்டி, சமையல்கட்டுக்குள்ள வரணும். என்னைத் திருடுனவன் எந்த நாட்டுல உக்காந்திருந்தானோ. 'பாஸ்வேர்டை ஒரு தாள்ல எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க'ன்னு பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005-லயே சொல்லியிருக்கார். மனசுல நிக்கணும்னு நினைக்கறப்பதான் எல்லாத்துக்கும் ஒண்ணையே வைக்கிறோம். எழுதி வைக்கலாம்னு ஆனா, தனித்தனியா வைக்க முடியும்.

நோட்டுல ஒரே ஒரு ஓட்டைதான். போட்டுக் குடுத்த ஆளுக்கும் அது தெரியும். அதனால அம்மாவும் நானும் ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல உக்காந்து ஒவ்வொண்ணா மாத்தினோம். யுபிஐ பின் மட்டும் நோட்டுல ஏறக்கூடாதுன்னு முடிவாச்சு.

நான் இப்ப என்ன பண்றேன்னு கேட்டா:

பாஸ்வேர்டு மேனேஜர் ஒண்ணு வச்சிருக்கேன். ஒவ்வொரு தளத்துக்கும் அதுவே கன்னாபின்னான்னு ஒண்ணு போட்டுக்கும். எனக்கே தெரியாது. அதைத் திறக்க மட்டும் நீளமா, வேற எங்கயும் இல்லாத ஒண்ணு.

எல்லாத்தையும் விட மெயிலுக்குத்தான் முதல் காவல். மத்த கணக்கு பூராவும் 'பாஸ்வேர்டு மறந்துட்டேன்'னு சொன்னா மெயிலுக்குத்தான் ஆள் அனுப்புது. அதனால அதுக்கு ரெண்டாவது பூட்டு, அதாவது போன்ல இருக்கிற ஆப் காட்டுற ஆறு இலக்க எண். போன் தொலைஞ்சா என்ன பண்றதுன்னு, அவங்க குடுக்கிற பேக்கப் கோடுகளை பிரின்ட் எடுத்து பாஸ்போர்ட்டோட வச்சிருக்கேன். ஆமா, பேப்பர்லதான்!

ஊர் சிம்மை ரீசார்ஜ் பண்ணி உயிரோட வச்சிருக்கேன். வெளிநாட்டுல இருக்கிற மக்களே, பேங்க் ஓடிபி வர்ற சிம் செத்தா நாமளும் பாதி செத்த மாதிரிதான்.

அப்புறம் அந்தப் பணம். இங்க என் பகுதிநேர வேலையில அது ஒரு வாரச் சம்பளம். சித்தப்பாவுக்கு எத்தனை மாசச் சேமிப்புன்னு கேக்கவே தைரியம் வரல. அனுப்புறேன்னு சொன்னதுக்கு, "விடுப்பா, உனக்குன்னுதான குடுத்தேன். எவன் கைக்குப் போனா என்ன"ன்னார். ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும். கடைசியில அவர்கிட்ட சொல்லாம தங்கச்சிகிட்ட பேசி, ஃபீஸை நான் கட்டிட்டேன். தெரிஞ்சு ரெண்டு வாரம் பேசல. இப்ப பேசறார்.

வீட்டுல இப்ப ஒரு சட்டம். யார் பேர்ல பணம் கேட்டு என்ன வந்தாலும், குரலைக் கேக்காம, குடும்பத்துக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு கேள்வியைக் கேக்காம, பைசா நகரக்கூடாது. என்ன கேள்வி வைக்கலாம்னு யோசிச்சப்ப அம்மா சட்டுன்னு சொன்னாங்க.

"நம்ம வீட்டு நாய் பேரு என்னன்னு கேப்போமா?"

"அம்மா, அது மட்டும் வேணாம்மா. அது ஊருக்கே தெரியும்."

டிஸ்கி: படிச்சு முடிச்ச கையோட உங்க மெயில் பாஸ்வேர்டை வேற எங்கெல்லாம் வச்சிருக்கீங்கன்னு ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க. விடை 'எங்கயும் இல்ல'ன்னு வந்தா சந்தோஷம். இல்லைன்னா, இன்னைக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி அது ஒண்ணை மட்டுமாவது மாத்திடுங்க சாமி.