பத்தாயத்துக்குள் கண்ணாமூச்சி

ஆங்கிலக் கதைகளில் ‘பார்ன்’ என்று வந்தால் மொழிபெயர்க்கும் கை நின்றுவிடுகிறது. களஞ்சியம் என்றால் மாடு இல்லை. தொழுவம் என்றால் நெல் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் மாட்டுக் கொட்டகையும் வைக்கோல் போரும் கொல்லையில். நெல் மட்டும் வீட்டுக்குள், ஆளுயரத்துக்கும் மேலான மரப் பத்தாயத்தில்.

1988 வாக்கில் கோடை விடுமுறை முழுக்கப் போரில்தான் கழிந்தது. உச்சியிலிருந்து சறுக்குவோம், உள்ளே பழுக்கப்போட்ட மாங்காயைக் கைவிட்டுத் துழாவுவோம். எலி தேடிச் சாரை வரும் என்ற பயம் வேறு. ராத்திரி உடம்பெல்லாம் அரிக்கும். பாட்டி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே திட்டுவாள்.

பத்தாயத்தில் நெல் குறைந்ததும், மூலையில் தங்கியதை அடிக்கதவுப் பக்கம் தள்ள எங்களை மேல்வழியாக உள்ளே இறக்குவார்கள். இருட்டு, சுணை, தும்மல். கண்ணாமூச்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. எங்களோடு போரில் புரண்ட பண்ணையாள் மகன் மட்டும் அங்கே வந்ததில்லை. அந்த நெல்லை அறுத்தவள் அவன் அம்மா. அவனுக்கோ கொல்லைப்படியோடு சரி. “எங்க ஒளிஞ்சிருக்கீங்கன்னு தெரியும், வந்து தொடத்தான் முடியாது” என்பான், சிரித்துக்கொண்டே. அந்த ஆட்டத்தில் அவன் ஜெயித்ததே இல்லை.

பத்தாயத்தைப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வாங்கிப்போய்விட்டார். இப்போது அறுவடை இயந்திரம் துப்பும் வைக்கோல் வயலிலேயே கிடக்கிறது. இன்னொரு இயந்திரம் அதை உருட்டிக் கட்டுகிறது. சென்ற தை அறுவடையில் எங்கள் வயலுக்கு அந்த இயந்திரத்தோடு வந்தது அவன்தான்; சொந்த வண்டி. கட்டுகளை எண்ணி, கூலியை வாங்கிக்கொண்டான். வீட்டுக்குள் வந்து காபி சாப்பிடச் சொன்னேன். அடுத்த வயல்காரர் காத்திருக்கிறார் என்று கிளம்பிவிட்டான்.