திகி நிலமும் நியூயார்க் ரசீதும்

சிவாஜிநகரில் உள்ள புனே மாவட்ட நீதிமன்றத்தில் பாகவழக்கு என்றால் பெரும்பாலும் வீடு, நிலம், நகை. 2021-இல் எனக்கு வந்த வழக்கில் சண்டை ஹெமிஸ்பியர் ப்ராப்பர்டீஸ் இந்தியா என்ற கம்பெனியின் பங்குகளுக்காக. வாதி, நியூஜெர்சியில் இருக்கும் தம்பி. பிரதிவாதி, என் கட்சிக்காரரான அக்கா.

அப்பா, அரசின் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல்.-லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலமானதும் பிள்ளைகள் குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். கோத்ரூட் ஃப்ளாட் தம்பிக்கு. அதற்குள் டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று பெயர் மாறியிருந்த கம்பெனியின் பங்குகள் அக்காவுக்கு.

வில்லங்கம் 2002-லேயே விதைக்கப்பட்டது. அந்த பிப்ரவரியில் மத்திய அரசு வி.எஸ்.என்.எல்.-லின் 25 சதவீதப் பங்கை, ஒன்று 202 ரூபாய் வீதம், 1,439 கோடிக்கு டாடா குழுமத்துக்கு விற்றது. கம்பெனியிடம் உபரியாகக் கிடந்த 773 ஏக்கர் நிலத்தை விலையில் சேர்க்காமல், பிறகு தனியே பிரிப்பது என்று ஒப்பந்தம். அதில் 524 ஏக்கர் புனேயின் திகியில்; சென்னை பாடியநல்லூரிலும் 85 ஏக்கருக்கு மேல் உண்டு. பிரிவினை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் அந்த நிலம் ஹெமிஸ்பியர் கம்பெனிக்குப் பிரிந்து போனது; 2019 செப்டம்பர் 18 பதிவு தேதியானது. அன்று ஒரு டாடா கம்யூனிகேஷன்ஸ் பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு ஹெமிஸ்பியர் பங்கு. அக்காவின் டீமேட் கணக்கிலும் அவை வந்து சேர்ந்தன.

“நாங்க பிரிச்சது டெலிபோன் கம்பெனிப் பங்கு. திகி நிலம் பத்திரத்துல எங்க இருக்கு?” என்பது தம்பியின் வாதம். கணக்கில் வராத சொத்து, பாதி தனக்கு என்றார்.

நான் நம்பியது பாச்சா குஸ்தார் வழக்கை, ஏ.ஐ.ஆர். 1955 எஸ்.சி. 74. கம்பெனியின் சொத்தில் பங்குதாரருக்கு நேரடி உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆக, திகி நிலம் ஒருநாளும் அப்பாவுடையது அல்ல. புதிய பங்கு, பழைய பங்கு ஈன்ற பலன். பத்திரத்திலும் “பங்குகளும் அவற்றால் விளையும் சகல பலன்களும்” என்றிருந்தது.

வழக்கு சமரச மையத்துக்குப் போனபோதுதான் தம்பியின் உண்மையான ஆதங்கம் வெளிப்பட்டது. வி.எஸ்.என்.எல். 2000-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானபோது அவரும் ஏ.டி.ஆர்., அதாவது இந்தியப் பங்குக்கு ஈடான அமெரிக்க டெபாசிட்டரி ரசீது, வாங்கியிருந்தார். 2013-இல் கம்பெனி அங்கிருந்து விலகியது. ரசீதை ஒப்படைத்து இந்தியப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். இல்லையேல் டெபாசிட்டரி வங்கி விற்றுப் பணம் தரும். இங்கே டீமேட் கணக்கு இல்லாததால் பணத்தை வாங்கிக்கொண்டார். “அதே கம்பெனி சார். அக்காவுக்கு யோகம், எனக்கு ஒண்ணுமில்ல!”

யோகத்தைக் கணக்கு போட்டுக் காட்டினேன். 2021 மார்ச்சில் அரசு மிச்சப் பங்கைச் சந்தையில் விற்க வைத்த குறைந்தபட்ச விலை 1,161 ரூபாய். 202-லிருந்து ஆறு மடங்குக்கும் குறைவு. அதே காலத்தில் சென்செக்ஸ் சுமார் 3,500-லிருந்து 50,000-ஐத் தொட்டு, பதினான்கு மடங்காகியிருந்தது. டிவிடெண்டையும் நிலப் பங்கையும் சேர்த்தால் இடைவெளி குறையும். ஆனால் அந்த நிலப் பங்கு, பதிவு தேதியில் பங்குதாரராக இருந்தவருக்கு மட்டுமே. வழக்கு வாபஸானது.

இப்போது பத்திர வரைவில் “கம்பெனி பிரிவதால் கிடைக்கும் பங்குகள்” என்று வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். ஏ.டி.ஆர். வைத்திருப்பவர் வந்தால் முதல் கேள்வி: இந்தியாவில் டீமேட் கணக்கு இருக்கிறதா?