கதவுக்குப் பின்னால் ஒரு அலமாரி

மும்பையில் வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏஜென்ட் ஒரு கதவைத் திறந்து "பெட்ரூம்" என்பார். கட்டிலைப் போட்ட பிறகு மிச்சம் இருப்பதற்குப் பெயர் நடைபாதை. எங்கள் முலுண்ட் வீடும் அந்த ரகம்தான். ஒன் பிஹெச்கே, படுக்கையறை பத்துக்கு ஒன்பது. ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ, அவ்வளவுதான். இந்த அறைக்குள் 2023 ஜூன் மாதம் இன்னொரு ஆள் குடிவந்தாள். எடை 2.6 கிலோ. துணிமணி மட்டும் எங்கள் இரண்டு பேருடையதையும் சேர்த்தால் வருவதை விட அதிகம்.

அவளுக்கு அலமாரி செய்த கதைதான் இது. சின்ன வீட்டில் கைக்குழந்தையோடு திண்டாடுகிறவர்களுக்கு உதவுமே என்று அளவு சகிதம் எழுதுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

எங்களுக்குக் கல்யாணம் 2008-ல். 2011-ல் கோவையில் இருந்தப்போ தங்கமணிக்கு ஏழாவது மாசம். பிறக்கிறதுக்கு முன்னாடி குழந்தைக்கு எதுவும் வாங்கக் கூடாது என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்பேனா? ஒப்பணக்கார வீதிக்குப் போய் ஜபலா, தொப்பி, சாக்ஸ், கவுன் என்று ஒரு பை நிறைய வாங்கிவந்தேன். எட்டாவது மாசம் அந்தக் குழந்தை தங்கவில்லை. பெண் குழந்தை.

அதற்கு மேல் அதை எழுத வரவில்லை. துணியெல்லாம் ஒரு நீல சூட்கேஸுக்குள் போனது. எடுத்து வைத்தது யார் என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்டதில்லை. பாங்க் வேலையில் மூணு வருஷத்துக்கு ஒரு ஊர். ஹூப்ளி, நாக்பூர், மும்பை. ஒவ்வொரு தடவையும் பேக்கர்ஸ் ஆள் லிஸ்ட் எழுதும்போது "சூட்கேஸ் சின்னது ஒன்று, உள்ளே என்ன சார்?" என்பார். "துணி" என்பேன். தங்கமணி அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குள் போய்விடுவாள்.

பாங்கில் டெக்னிக்கல் ரைட் ஆஃப் என்று ஒன்று உண்டு. கடனைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவோம். ஆனால் முடிந்துபோனதாக யாரும் சொல்ல மாட்டோம். அந்த சூட்கேஸ் எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடியும் ஒரு ஏழாவது மாசம். இந்த முறை ஒரு கைக்குட்டை கூட வாங்கவில்லை. ஊருக்கும் அனுப்பவில்லை. வயசையும் பழைய கதையையும் பார்த்து டாக்டர் பயணம் வேண்டாம் என்றுவிட்டார். அம்மாதான் கோவையிலிருந்து வந்தார். ஆனால் ஒரு தப்பு மட்டும் செய்தேன். தங்கமணி தூங்கும்போது இஞ்ச் டேப்பை எடுத்துக் கதவுக்குப் பின்னால் இருந்த இடத்தை அளந்தேன். அளவு எழுதிய காகிதத்தை வீட்டில் வைக்கப் பயந்து பாங்க் டிராயரில் பூட்டி வைத்தேன். பகுத்தறிவெல்லாம் அவ்வளவுதான் :-)

சரி, அலமாரிக்கு வருவோம்.

நம்ம துணிக்கு அலமாரி ஏன் இரண்டடி ஆழம்? பெரியவர்கள் ஹேங்கர் அகலம் 16, 17 இஞ்ச். அது குறுக்கே நிற்க வேண்டுமே. குழந்தை ஹேங்கர் 10, 11 இஞ்ச்தான். ஆகவே குழந்தை அலமாரிக்கு ஒரு அடி ஆழம் போதும். எங்கள் அறைக் கதவின் கீலுக்கும் மூலைச் சுவருக்கும் நடுவில் 13 இஞ்ச் சும்மா கிடந்தது. எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் இப்படி ஒரு இடம் துடைப்பத்துக்கும் பழைய பேப்பருக்கும் போய்க்கொண்டிருக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

பிளைவுட் ஷீட் எட்டடிக்கு நாலடி. அதை நீளவாக்கில் நாலு பட்டையாக அறுத்தால், ரம்பம் தின்றது போக ஒவ்வொன்றும் 11¾ இஞ்ச் அகலம். உயரம் 60, அகலம் 30 இஞ்ச் பெட்டிக்கு இரண்டு பக்கப் பலகை, மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் மூன்று தட்டு. இத்தனையும் மூன்று பட்டையிலேயே முடிந்துவிட்டது. நாலாவது பட்டை இரண்டு டிராயருக்கு முகப்பானது. டிராயர் பெட்டிக்கு 12 மில்லி, முதுகுக்கு 6 மில்லி தனியாக வாங்கினேன். கீழே இரண்டு டிராயர், நடுவில் இரண்டு தட்டு, மேலே 17 இஞ்ச் விட்டு ஒரு கம்பி. குழந்தை கவுன் தொங்க 17 இஞ்ச் தாராளம்.

மரக்கடையில் "எம்.ஆர். போதும் சார்" என்றார்கள். எம்.ஆர். என்பது ஐ.எஸ். 303 தரம், சாதா ஈரம் மட்டும் தாங்கும். மும்பை மழையில் சுவரே வேர்க்கும். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட தண்ணீர் தாங்கும் பிளைவுட்டே வாங்கினேன். இன்னொரு காரணமும் உண்டு. எம்.ஆர். பலகையில் பொதுவாக யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, 710-ல் பினால் ஃபார்மால்டிஹைடு பசை. இரண்டாவதில் வாடை கம்மியாக வெளியேறும். அப்படியும் அலமாரியை மூன்று வாரம் ஹாலில் ஃபேன் காற்றில் சும்மா நிறுத்திவைத்த பிறகுதான் குழந்தை இருக்கும் அறைக்குள் விட்டோம்.

மிஸ்திரி ஃபெவிகாலும் ஆணியும் எடுத்து வந்தார். வேண்டாம், முழுக்க மினிஃபிக்ஸ் போடுங்க என்றேன். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் ஒரு சாவியைத் திருகிப் பலகை பலகையாகக் கழற்ற வேண்டும். "சாப், தர்வாஜா நஹீ?" என்று கேட்டார். அறைக் கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு எங்கே திறக்கும்? அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்துத் திரையாகத் தொங்கவிட்டோம். காற்றோட்டத்துக்கும் அதுதான் நல்லது. முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இஞ்ச் இடைவெளி விட்டோம், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க.

சுவரோடு அலமாரியை இறுக்குவதில்தான் தகராறு. வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். பதினோரு மாத அக்ரிமென்டிலேயே எழுதியிருக்கு. ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. குழந்தை டிராயரை இழுத்து அதில் கால் வைத்து ஏறினால் அலமாரி முன்னால் சாயும். 2016-ல் அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகு ஒரே நிறுவனம் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. இதை விளக்கி, காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, இரண்டே இரண்டு எல் பிராக்கெட்டுக்கு அனுமதி வாங்கினேன். பத்தாவது மாசம் மகாராணி கீழ் டிராயருக்குள் ஏறி நின்றாள். அலமாரி அசையவில்லை. எனக்குத்தான் முட்டி நடுங்கியது.

மொத்தச் செலவு 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

இனி அடுக்குகிற விதம். பாங்கில் 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்ற கடன் என்.பி.ஏ. குழந்தைத் துணிக்கும் கிட்டத்தட்ட அதே கெடுதான், மூணு மாசத்தில் அளவு போய்விடும். அதனால் பி.காமில் படித்த ஃபிஃபோ. இப்போதைய அளவு மேல் டிராயரில், அடுத்த அளவு கீழ் டிராயரில், அதற்கடுத்தது தட்டில். மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காமல் சுருட்டி நிற்க வையுங்கள். எல்லாம் ஒரே பார்வையில் தெரியும், ஒன்றை எடுத்தால் மற்றது கலையாது. அடுத்த அளவு உடம்புக்கு வந்ததும் பழையதை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். பிறந்த மூணாவது நாள் பாப்பாவுக்கு மஞ்சள்காமாலை, இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். அப்போது டாக்டர் கேட்ட கேள்வி: "துணியெல்லாம் நாஃப்தலின் உருண்டை போட்டு வைத்ததா?" அம்மா கோவையிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டித் துணியில் அந்த வாசனைதான் கமகமத்தது. ஜி6பிடி என்கிற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை முற்றலாமாம். எங்கள் பாப்பாவுக்கு டெஸ்ட் நார்மல். ஆனாலும் அன்றோடு உருண்டைக்கு வீட்டில் தடை. இப்போது காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுகிறோம், வெயில் வந்தால் எல்லாவற்றையும் கொடியில் போடுகிறோம்.

அலமாரி நிறைந்த பிறகும் பெரிய அளவுத் துணிக்கு இடம் போதவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரே ஒரு இடம் இருந்தது. அங்கே நீல சூட்கேஸ். எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை. ஒரு ராத்திரி பாப்பாவுக்குப் பால் கொடுத்து முடித்துவிட்டு தங்கமணியே அதை இழுத்துத் திறந்தாள். உருண்டை வாசனை அறை முழுக்க. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் ஹாலுக்கு ஓடினேன். அங்கே அம்மா விழித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதை என்ன பண்றது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. அம்மா ஏதாவது சகுனம் சொல்லிவிடுவாரோ என்று வேறு பயம். அம்மா எழுந்து போய் ஒரு கவுனை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"தொவச்சுப் போட்டு உடு கண்ணு. அக்கா துணியத் தங்கச்சி போடறது எல்லா ஊட்லயும் நடக்கறதுதான" என்றார்.

பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் குழந்தையை அக்கா என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தங்கமணி ரொம்ப நேரம் அழுதாள். நானும்தான்.

ஆனால் மும்பையில் ஜூலை மாசம் எங்கே வெயில்? வாசனை போக நாலைந்து தடவை துவைத்தோம், போகவில்லை. அக்டோபர் வெயிலில் பத்து நாள் காயப்போட்ட பிறகுதான் போனது. அதற்குள் பாப்பாவுக்கு நாலு மாசம். தொப்பி, சாக்ஸ், ஜபலா எதுவும் சேரவில்லை. எலாஸ்டிக் எல்லாம் தொட்டால் உதிர்ந்தது. பெரிய அளவாகப் பார்த்து வாங்கிய ஒரு மஞ்சள் கவுன் மட்டும் தேறியது. தங்கமணி கையிலேயே புது எலாஸ்டிக் கோர்த்தாள். தீபாவளியன்று காலையில் அதைத்தான் போட்டோம்.

ஃபிஃபோ பேசிய ஆள் வீட்டில் பன்னிரண்டு வருஷ சரக்கு. மற்ற துணிகளை, சேருகிற குழந்தைக்கு ஆகட்டும் என்று எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுத்தோம், துவைத்த பிறகுதான். மஞ்சள் கவுனைக் கொடுக்கவில்லை. மேல் கம்பியில் முதல் ஹேங்கர் அதற்கு. அது என்.பி.ஏ. ஆனாலும் பரவாயில்லை.

இப்போது அடுத்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டது. போன ஞாயிறு அலமாரியைக் கழற்றினேன், நாற்பது நிமிஷம். இரண்டு ஓட்டையையும் அடைத்தாயிற்று. பேக்கர்ஸ் ஆள் லிஸ்ட் எழுதும்போது வழக்கம்போல "உள்ளே என்ன?" என்றார். தங்கமணி இந்தத் தடவை அடுப்படிக்குப் போகவில்லை. "காலி. அதுக்குள்ள அவ பொம்மையெல்லாம் வச்சிடுங்க" என்றாள்.

டிஸ்கி: நான் தச்சன் இல்லை, கேஷ் டேலி பண்ணுகிறவன். பலகையை அறுக்கும் முன் உங்கள் கதவை நீங்களே இரண்டு தடவை அளந்துகொள்ளுங்கள்.