பன்னிரண்டாம் நிரை

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் வழியில் காஹாங்கை நெருங்கும்போது கார்க் கண்ணாடியை இறக்கிவிடுவேன். ஒட்டுப்பால் நாற்றம் வருமா என்று மூக்கு தேடும். வராது. கித்தா மரங்கள் போய் எங்கு பார்த்தாலும் செம்பனை. அந்த நாற்றத்துக்காகப் பள்ளியில் எங்களைத் தள்ளி உட்காரச் சொன்ன பிள்ளைகள் உண்டு. இன்று அதற்காகத்தான் ஏங்குகிறேன், என்ன செய்ய!

வெளியூர்க்காரர்களுக்குக் காஹாங், எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிற வாசல். கம்போங் பெத்தாவுக்குப் போகும் ஜீப்புகள் இங்கே நின்று சாமான் வாங்கிக்கொண்டு போகும். எனக்கோ அது பெரட்டுக்களம், லயம், பக்கத்துக் கதவில் அவன்.

ஒரு பள்ளி விடுமுறையில் அம்மாவுக்கு ஒத்தாசையாக மரம் சீவப் போனேன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவன் அதற்குள் பள்ளியை விட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தான். உளியை எப்படிப் பிடிப்பதென்று அவன்தான் காட்டினான். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உளி இறங்கி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துவிடும். பிறகு வளரும் பட்டையில் உளி ஓடாது. பன்னிரண்டாம் நிரையில் ஒரு மரத்தை நான் அப்படித்தான் கெடுத்தேன். மண்டோர் விளக்கடித்துப் பார்த்து, யார் வேலை என்று கத்தினார். “நான்தான்” என்றான் அவன். அன்று அவன் கூலியில் பிடித்தம். நான் பால்வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஜோகூர் பாரு, சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை, பாலத்தில் தினமும் இரண்டு முறை வரிசை. தோட்டத்தை நினைத்தால் வெகுகாலம் கோபம்தான் வந்தது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அப்படிச் சில தோட்டங்கள் நம்மவர் கைக்கு வந்தன. எங்கள் தோட்டம் வரவில்லை. எங்கள் வியர்வை விழுந்த மண் எங்களுடையதல்ல என்பதை ஏற்க எனக்கு முப்பது வருஷம் பிடித்தது. லயத்தை இடித்த அன்றைக்கே அதை ஏற்றுக்கொண்டு, சாமான்களை லோரியில் ஏற்றியவன் அவன்.

போன தீபாவளிக்குப் போயிருந்தேன். “எப்பலா வந்தே?” என்று மோட்டாரில் ஏற்றிச் செம்பனைக்குள் கூட்டிப்போனான். முனியாண்டி கோயில் மட்டும் மிச்சம். அங்கிருந்து காலடி எண்ணிக்கொண்டே நடந்து ஓரிடத்தில் நின்றான்.

“இங்கதான்லா உங்க வீட்டு அடுப்பு.”

காய்ந்த மட்டைகள் கிடந்தன. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியவில்லை.

திரும்பி வந்து கடையில் உட்கார்ந்தபோது அந்த மரத்தைப் பற்றிச் சொன்னேன். நாற்பது வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தது.

“எந்த மரம்?” என்றான். நிஜமாகவே நினைவில்லை. “அது கெடக்கட்டும். எங்கம்மா செவப்பு ஐசிய மாத்த நீதானே பாரம் நிரப்பிக் குடுத்தே. சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்துச்சு.”

எனக்கு அது நினைவில்லை.

காசை அவன்தான் கொடுத்தான். மீதியைக் கொண்டுவந்த மலாய்க்கார அக்காவிடம் இருவரும் ஒரே நேரத்தில் “தெரிமா காசே” என்றோம். பிறகு மோட்டாரை நோக்கி நடந்தோம், ஒன்றும் பேசாமல்.