விசுவாசம் எவருக்கு?

எங்கள் லயத்தில் அக்காலத்தில் ஒரேயொரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1978இல் இயக்கிய ‘வீர புரன் அப்பு’ ஒளிபரப்பான இரவில், மாத்தளையிலுள்ள எங்கள் தோட்டமே அவ்வீட்டு வாசலில் கூடியிருந்தது. வாள்வீச்சில் மனத்தைப் பறிகொடுத்திருந்த சிறுவனாகிய என்னிடம் தாத்தா கேட்டார்: “ஏன்டா தம்பி, அந்த ஆளு ராசா வம்சமே இல்லைன்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு இவன் அவனுக்காகச் சாகுறான்?”

பல்கலைக்கழகத்துக்கு வந்து வரலாறு பயின்றபோதே அவ்வினாவின் ஆழம் புலனாயிற்று. 1848 ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் முடிசூடிக்கொண்ட கொங்காலேகொட பண்டா, தன்னைக் கண்டி அரச குலத்தவன் எனக் கூறிக்கொண்டான். பிறந்ததோ கரைநாட்டுப் பேலியகொடையில். அவனுக்கு வாளேந்தி நின்ற புரன் அப்புவும் மொறட்டுவையைச் சேர்ந்தவனே. கண்டிப் பிரதானிகளுட் பெரும்பாலோர் விலகி நின்றனர், பின்தொடர்ந்தோர் குடியானவர்கள். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி; ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை, இன்றேல் மூன்று சிலிங் பணம். மாத்தளைக் கச்சேரிக்குள் புகுந்தவர்கள் வரி ஏடுகளை அழித்தனர். முடிசூடியவனுக்குப் பதவி வேட்கை இருந்திருக்கலாம். மக்கள் நம்பியது, தம் சுமையை இறக்குவதாக அவன் தந்த வாக்கையே. ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்ட பண்டா 1849இல் அங்கேயே இறந்தான்.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குக் கிளர்ச்சியாளர் நடந்த அதே வழியில்தான், மன்னார்க் கரையில் இறங்கிய எம் முன்னோரும் கோப்பித் தோட்டங்களை நாடி நடந்து வந்தனர். கிளர்ச்சிக்குச் சரியாக நூறாண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களை நாடற்றோராக்கிற்று. இந்நாட்டுக்கு எங்கள் விசுவாசம் உண்டா என ஐயுற்றோர் பலர். எங்கள் உழைப்பை எவரும் ஐயுறவில்லை. வாழ்நாளெல்லாம் இம்மலையில் கவ்வாத்து வெட்டிய தாத்தா, ஒருமுறையேனும் வாக்களித்தவர் அல்லர். எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியபோது அவர் உயிருடன் இல்லை.

எனக்கு இன்று வாக்குண்டு. தேர்தல் வந்தால் எங்கள் லயத்துக்கும் தலைவர்கள் வருகின்றனர். மாலையும் மேளமும் ஆரவாரமும் குறைவின்றி நிகழ்கின்றன. விசுவாசமாயிருங்கள் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் தாத்தாவின் குரல் என் செவியில் ஒலிக்கின்றது. இவர் எந்த வம்சத்தவர் என்று நான் ஆராய்வதில்லை. எங்கள் தோளிலிருந்து எந்தச் சுமையை இறக்கப்போகிறீர் என்று மட்டும் கேட்கிறேன். அதற்கு விடை கிடைத்தபின்னரே விசுவாசத்தைப் பற்றிப் பேசலாம்.