வேளச்சேரியில் வீடு தேடி

சென்ற கோடையில் என் தங்கையின் குடும்பம் தூத்துக்குடியை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர நேர்ந்தது. மகனுக்கு அங்கே வேலை. தந்தைக்கோ சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டிய நிலை. வீடு பார்க்க என்னையும் துணைக்கு அழைத்தார்கள்.

"மாமா, வீடு சிறிதாயிருந்தாலும் பரவாயில்லை. கார் நிறுத்த இடம் மட்டும் கட்டாயம் வேண்டும்" என்றான் மருமகன். ஆடம்பரத்திற்காக அவன் அதைக் கேட்கவில்லை. சிகிச்சை முடிந்து தளர்ந்து திரும்பும் தந்தையை மாடிப்படியருகிலேயே இறக்கிவிட வேண்டுமே என்பதுதான் அவனது கவலை.

முதலில் வேளச்சேரிக்குச் சென்றோம். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாயிருந்த ஊர் அது. 2007-இல் பறக்கும் ரயில் வந்து சேர்ந்தபின் அதன் வளர்ச்சி இன்னும் விரைந்தது. இன்று சந்துகளில்கூட அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் தரைமட்டத்தில் வீடுகள் இரா. தூண்கள் மட்டுமே இருக்கும். அத்தூண்களுக்கிடையேதான் கார்கள் உறங்குகின்றன. அங்கே இடம் கிட்டாத வண்டிகள் தெருவின் இருமருங்கிலும் உறை போர்த்தி நிற்கின்றன.

'கார் பார்க்கிங் உண்டு' என்று தரகர் சொல்லும் சொல்லுக்குப் பல பொருள் உண்டென்பதை அன்று கற்றோம். முதல் வீட்டில் ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு கார் நிறுத்த வேண்டும். விடியற்காலையில் புறப்படுகிறவர் பின்னால் நிறுத்தியவரை எழுப்பியாக வேண்டும்! இரண்டாம் வீட்டில் தூண்கள் மிக நெருங்கியிருந்தன. இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் இருந்தாலன்றி ஒரு கார் இடரின்றி நிற்காது. நோயாளி இறங்கக் கதவையும் முழுதாகத் திறக்க வேண்டுமல்லவா? மூன்றாம் வீட்டிலோ அவ்விடத்தில் வேறொருவரது பழைய கார் தூசி படிந்து கிடந்தது.

நான்காவது வீடு எல்லார் மனத்திற்கும் பிடித்துவிட்டது. காற்றோட்டமான அறைகள், லிஃப்ட், தாராளமான கார் நிறுத்துமிடம், கட்டுப்படியாகும் வாடகை. முன்பணம் கொடுக்க மருமகன் கைப்பையைத் திறந்தான். அப்போதுதான் தூண்களில் இடுப்பளவு உயரத்தில் ஒரே மட்டமாக ஓடிய பழுப்புக் கறையை நான் கவனித்தேன். காவலாளியிடம் கேட்டேன்.

"2023 டிசம்பர் மழை, ஐயா. அவ்வளவு தண்ணீர் நின்றது" என்றார் அவர்.

"கார்களையெல்லாம் என்ன செய்தீர்கள்?"

"முன்கூட்டியே மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியவர்கள் பிழைத்தார்கள்."

அவர் கூறியது உண்மையே. மிக்ஜாம் புயலின்போதும், மறுபடி 2024 அக்டோபர் மழையின்போதும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்ற காட்சியை நாடே கண்டது. இதில் வியப்பில்லை. தென்சென்னையின் மழைநீரை வாங்கிக் கடலுக்கு அனுப்பும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அடுத்தே இருக்கிறது. 2022-இல் அதற்கு ராம்சார் சிறப்பு கிடைத்தது. ஆயினும் அதன் பெரும்பகுதியை அதற்கு முன்பே கட்டடங்களும் குப்பைமேடும் விழுங்கிவிட்டன. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது.

மின்மீட்டர்களும், தண்ணீர் மோட்டாரும், சம்ப்பும் அதே தூண்தளத்தில்தான் இருந்தன. வெள்ளம் புகுந்தால் மின்சாரமும் குடிநீரும் லிஃப்டும் ஒருங்கே நின்றுவிடும். என் தங்கை அவற்றையெல்லாம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "காரைப் பாலத்தில் ஏற்றிவிடலாம் அண்ணா. இவரை எங்கே ஏற்றுவது?"

மருமகன் கைப்பையை மூடினான்.

இறுதியில் பரங்கிமலை அருகே மேடான தெருவொன்றில் முதல்மாடி வீடு அமைந்தது. ஓர் அறை குறைவு; வாடகையோ மூவாயிரம் ரூபாய் கூடுதல். கார் நிறுத்த ஒரே இடம்தான். ஆனால் அது எவரும் மறிக்காத இடம்.

ஒப்பந்தத்தைக் கவனமாக எழுதினோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் அவசியம். வேறு உடன்பாடு இல்லாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதற்கில்லை. பத்து மாத முன்பணம் என்னும் பழைய வழக்கத்தை இன்னும் விடாதோர் உண்டு. ஆகையால் இதை அறிந்திருப்பது நலம். நிறுத்துமிடம் எது என்பதையும், அதற்குத் தனிக்கட்டணம் இல்லை என்பதையும் ஒப்பந்தத்திலேயே குறித்துக்கொண்டோம். வாய்ச்சொல் வீட்டுக்காரர் மாறினால் மாறிவிடும், எழுத்து நிற்கும்.

ஐப்பசியில் அடைமழை பெய்த ஒரு நாள் இரவு, மனம் கேளாமல் தொலைபேசியில் அழைத்தேன். "தெருவில் ஓடிய தண்ணீர் வடிந்துவிட்டது அண்ணா. சிகிச்சை முடிந்து வந்து, கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறார்" என்றாள் தங்கை.

அன்றிரவு நானும் நிம்மதியாக உறங்கினேன்.