கரிச்சான் எழுப்பினா எழுந்துக்குவீங்களா?

டைரி வாங்கியாச்சா பாஸ்? முதல் பக்கத்துல 'தினமும் ஜிம், நோ பரோட்டா'னு எழுதியும் முடிச்சிருப்பீங்களே! மெஸ்ஸுல பரோட்டா போடுற முதல் ராத்திரியே அதுக்கு மங்களம்.

தீர்மானத்தை விடுங்க. பைத்தியமா பிடிச்ச ஏதாவது ஒண்ணைக் காலையில வெச்சுக்கங்க. என் பைத்தியம், குருவி பார்க்கிறது. கரன்ட் கம்பியில உட்கார்ந்திருந்து, பறக்கிற பூச்சியை லபக்குனு பிடிக்கிற கரிச்சான், தரையில கும்பலா கத்திக்கிட்டுத் திரியற தவிட்டுக்குருவி... வெயில் ஏறிட்டா இதுங்க அடங்கிடும். அதனால 6 மணிக்கே கிளம்பியாகணும். அதுக்காக ராத்திரி 11-க்கு ரீல்ஸை மூடியாகணும். நடையும் தூக்கமும் ஃப்ரீ!

எங்க அப்பாவுக்கு 42 வயசுலேயே சுகர். பெத்தவங்களுக்கு இருந்தா நமக்கும் வர வாய்ப்பு கூடுதல். நடந்தா அது குறையும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமா நடக்கணும்ங்குது உலக சுகாதார நிறுவனம். குருவிக்காக நின்னு நின்னு போறது வேக நடை ஆகாதுதான். திரும்பி வர்றப்போ வீசி நடந்துடுவேன், மெஸ்ஸுல இட்லி தீர்ந்துடும்ல!

தனியா ஆரம்பிக்கக் கூச்சமா? 2015-லேர்ந்து தமிழ்நாட்டுல பொங்கல் நாலு நாளும் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. 15 நிமிஷம் பார்த்து, எண்ணி, 'இ-பேர்டு'ல பதிஞ்சா போதும். ஊர்ல மொட்டை மாடியிலேர்ந்தே செய்யலாம். அப்பாவையும் கூப்பிட்டுக்கங்க. போன பொங்கலுக்கு எங்க மாடியில 11 காக்கா, ஒரு செம்போத்து. செம்போத்தை முதல்ல பார்த்தது யாருனு அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் பஞ்சாயத்து ஓடுது!